திருகு இடப்பக்கம் இருந்த தங்க வாட்ச்

திருவனந்தபுரத்தில் பழைய வாட்சுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் பெரிய மனிதரே, நீர் பொய் எழுதி வைத்திருக்கிறீர். எட்டு மூலைத் தங்க வாட்சுக்குக் கீழே ‘உயர் போலீஸ் அதிகாரி ஒருவரின் குடும்பச் சொத்து’ என்று அட்டை இருக்கிறது. அது என் அப்பாவின் வாட்ச். போன வாரம் பேத்தி கூட்டிக்கொண்டு போனதால் என் கண்ணில் பட்டது.

அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். சீமைக்குத் திரும்பும் துரைமார் விற்றுவிட்டுப் போகும் விலை உயர்ந்த வாட்சுகளை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்தார். மற்றவர்கள் துணியும் டார்ச் லைட்டுமாக எங்கள் ஊர் பாறசாலைக்குத் திரும்பினார்கள்; இவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பாலராமபுரம் வேட்டித் துண்டில் சுற்றிய வாட்சுகள். பூச்சி வராமலிருக்கக் கிராம்பு போட்டிருப்பார். இன்றும் இறைச்சிக் குழம்பில் கிராம்பு மணம் வந்தால் எனக்கு மணி பார்க்கத் தோன்றும். படிக்கிற நீங்கள் சிரிக்காதீர்கள்.

எட்டு மூலை வாட்ச்தான் அவற்றில் ராஜா. காசு போல மெலிசு. நொடி முள் கிடையாது. விருந்துக்குப் போகிறவன் நொடியை ஏன் பார்க்க வேண்டும் என்பார் அப்பா. இடது கைப் பழக்கமுள்ள ஒரு துரை சொல்லிச் செய்தது, அதனால் சாவி கொடுக்கும் திருகு இடப்பக்கம் இருந்தது. அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அது மாப்பிள்ளை கையில் ஏறும். கூலிக்காரன் வீடா, வாத்தியார் வீடா என்று அப்பா கேட்டதில்லை. போட்டோவில் மாப்பிள்ளைமார் இடது கையால் வேதபுத்தகத்தை நெஞ்சோடு அணைத்து நிற்பார்கள். பக்தி அல்ல, வாட்ச் தெரிய வேண்டும்.

“எலே, கை என்ன சுளுக்கா?” என்று பெண் வீட்டார் கேலி செய்வார்கள்.

“தங்கமாக்கும், நல்லா பாத்துக்கிடும்” என்பான் மாப்பிள்ளை.

எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய காலம் அது. காஞ்சிரங்குளத்துச் செல்லத்துரை, கல்யாணம் முடிந்த மறுநாள், வாட்சைத் திருப்பித் தரக் கையில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். வழியில் ஊர்வலத்தைப் பார்த்தான்; சேர்ந்துவிட்டான். போலீஸ் அடித்து அள்ளிக்கொண்டு போனது. லாக்கப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் வாட்சைக் கழற்றிக்கொண்டார். வெளியே விட்டதும் நேரே எங்கள் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதான்.

“அண்ணே, வாச்சக் கேட்டேன். ‘ஏது வாச்செடா’ன்னு சிரிக்காரு.”

கழற்ற விடாமல் மல்லுக்கட்டியதில் அவன் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாச்சு போனா போட்டு மக்கா. கை உண்டுல்லா? அடுத்த மாப்பிள்ளைக்கு டின்னுல வேற உண்டு.”

அந்தப் பேச்சை நினைத்தால் இந்த வயதிலும் என் முதுகு நிமிர்கிறது. துரைமாரிடம் இருந்தது அதே வாட்ச்தான். அவர்கள் யாருக்காவது கல்யாணத்துக்குக் கொடுத்தார்களா?

தாலுகா சேரவில்லை. வாட்சும் வரவில்லை. அப்பா இல்லை, செல்லத்துரை இல்லை, கேட்டு வாங்கிக் கட்டுகிற மாப்பிள்ளைமாரும் இல்லை. போட்டோக்கள் மட்டும் வீடு வீடாகத் தொங்குகின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாரும், மற்ற வாட்சுகளில் விரல் பக்கம் இருக்கிற திருகு இதில் முழங்கைப் பக்கம் இருக்கும்.

பெரிய மனிதரே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாசலுக்கு அந்த வாட்சோடு வாரும். நாங்கள் போட்டோக்களோடு நிற்போம். அது எந்தக் கையிலிருந்து கழற்றப்பட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லும்.