ஐப்பசிக்குக் காத்திருந்த பாட்டு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவின் முதலாண்டு நினைவு மலருக்கு எழுதும் வேலையைத் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். பெங்களூரில் இருப்பவனுக்கு நேரமில்லை. மைசூரில் அம்மாவுடன் இருந்தவளுக்குத் தெம்பில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த அலுப்பு தெரிந்திருக்கும். ஆள் போன பிறகும் அது உடம்பைவிட்டுப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதற்காக எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சாமராஜநகர் பக்கம் கௌதள்ளியில். மேட்டூரில் தாய்மாமா வீட்டில் தங்கித் தமிழில் படித்தார். அப்பா மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவர். ரயில்வே வேலை கிடைத்து அவர் முதலில் போனது ஒடிசாவுக்கு. கஞ்சம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். பொழுது போகாமல் ஒடியா கற்றுக்கொண்டவர், அந்த மொழியின் பழைய பாட்டுகளில் விழுந்தார்; எழவே இல்லை. அங்கே பழம்பாட்டை யாரும் வெறுமனே வாசிப்பதில்லை, வகைக்கு ஒரு மெட்டு உண்டு என்பார். குயிலிடம் முறையிடும் பாட்டு உண்டாம். எழுத்து வரிசையில் தொடுத்த பாட்டு உண்டாம். பிரிவை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாதமும் பாடுவது இன்னொரு வகை.

மைசூருக்கு மாற்றலாகி, கல்யாணமும் ஆன பிறகு அப்பா தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டது அப்படி ஒரு மாதப் பாட்டை. கஞ்சத்தில் வாங்கிய ஒரு பழைய ஒடியாப் புத்தகத்தில் இருந்தது; எழுதியவர் யாரென்று தெரியாது. கார்த்திகைப் பௌர்ணமியன்று கடல் வணிகன் ஒருவன் கப்பல் ஏறுகிறான். அவன் மனைவி மாதாமாதம் பாடுகிறாள். அவன் திரும்பி வந்தானா என்பது கடைசி மாதமான ஐப்பசியில்தான் தெரியும்.

நம் உறவினர்களுக்கு அது அப்பா மொழிபெயர்த்த பாட்டு. ஆண்டு மலர் ஒன்றில் அப்பாவின் பெயரில்தான் சில மாதங்களின் பாட்டு வெளிவந்தது. ஒடியா தெரிந்தவர் அவர்தானே என்று அம்மா இருந்துவிட்டார். வீட்டில் நடந்தது வேறு. அப்பா ஒடியாவில் பாடிவிட்டு, அர்த்தத்தைத் தன் மைசூர்த் தமிழில் சொல்வார். "அவளுக்கு ரொம்ப பேஜாராச்சு" என்பார். வருத்தம் என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "பேஜாரக் கொண்டுபோயிப் பாட்டுல எங்கீங்க வெக்கிறது?" என்று கேட்பார். முறம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு, 'மாக்கோலம் போட்ட கையை அவள் கழுவவே இல்லை' என்று ஒரு வரி வரும். அது மார்கழி. ஒடிசாவில் அந்த மாத வியாழக்கிழமைகளில் லட்சுமி வருவாள் என்று அரிசி மாவால் கோலம் போடுவார்களாம். வரியைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவிட்டு, "சரிதானுங்களா?" என்பார் அம்மா. அப்பா மனதுக்குள் பாடிப் பார்த்து, கன்னடத்தில் "ஆயிது" என்றால் முடிந்தது. அந்தத் தமிழ் முழுவதும் அம்மாவுடையது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அம்மாவிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. அந்தந்த மாதப் பாட்டை அந்தந்த மாதத்தில்தான் செய்வார். சித்திரையின் வெக்கை மேலே படாமல் சித்திரையை எழுத முடியாது என்பார். மாதம் தவறினால் அடுத்த வருடம்தான். இன்னொன்று, முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் தை மாதத்திலேயே அழுதுவிடுவாராம்.

இப்படி வருடக்கணக்கில் இழுத்து, புரட்டாசி வரை வந்தார்கள். ஐப்பசிதான் கைக்குக் கிடைக்கவில்லை. தசரா பார்க்க வந்தவர்கள் வீடு நிறைய இருப்பார்கள். அம்மா தேவராஜ மார்க்கெட்டுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருப்பார். கூட்டம் ஓய்ந்தால் தீபாவளி வந்து நிற்கும். அடுத்த ஐப்பசிக்குப் பார்க்கலாம் என்று அப்பா தாளை மடித்து வைப்பார். அந்த விருந்தாளிகளில் இதைப் படிக்கும் பலரும் உண்டு. குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பரிமாறியதில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். களைப்பாக இருந்ததும் உண்மைதான்.

அப்பா ஆவணியில் படுத்தார். நுரையீரலில் நீர். ஐப்பசி வரை தாங்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சும்னே, பேசாம கேட்டுக்கோ. முடிவை இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

"வேண்டாமுங்க. ஐப்பசி வரட்டும். வீட்டுக்கு வந்து பாடியே சொல்லுங்க" என்றார் அம்மா.

மறுநாளும் அப்பா ஆரம்பித்தார். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பாட்டு பாக்கி இருக்கும்வரை அவர் எங்கும் போகமாட்டார் என்று அம்மா நம்பியிருந்தார். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனையோ ஐப்பசிகள் வந்து போயின. அந்தப் புத்தகத்தை அம்மா தொடவில்லை. வணிகன் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல முடிவாக இருந்தால் சாகக் கிடக்கிறவர் அத்தனை அவசரப்படுவாரா என்று ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்.

சென்ற வருடம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு ஆனபோது, பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். பெயர் சுமித்ரா. கஞ்சம்தான் சொந்த ஊர் என்று தெரிந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சில நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐப்பசி பிறந்தது. தசராவுக்கு அந்த வருடம் யாரும் வரவில்லை. ஒரு மாலை என்னிடம், "அந்தப் பொஸ்தகத்த எடு அம்முணி" என்றார்.

சுமித்ரா திக்கித் திக்கித்தான் படித்தாள். பழைய சொற்கள் பல அவளுக்கும் புரியவில்லை. மெட்டு மட்டும் தெரிந்திருந்தது. பாடி முடித்து, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். கப்பல் வந்துவிட்டது, அவளுக்கு ரொம்ப குஷி ஆயிது.

அம்மா நம்பாமல் மறுபடி கேட்டார். வந்துவிட்டான் என்றாள் சுமித்ரா.

"இதச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்காரு. நான் எந்திரிச்சுப் போயிட்டேன்" என்றார் அம்மா. அன்று அவர் அழுததுபோல் அப்பா போனபோதுகூட அழவில்லை. என்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது.

கார்த்திகை பிறந்த சில நாளில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

மகள்போல் இருந்து அம்மாவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட சுமித்ராவுக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், நான் கண்ணயர்ந்த பகல்களில் காவலிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும், தூரம் பாராமல் சாமராஜநகரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஐப்பசிப் பாட்டு இந்த மலரின் பின்னட்டையில் இருக்கிறது, இருவர் பெயரோடும். அது வந்த விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். அழுது ஓய்ந்த மறுநாள் அம்மா என்னைக் காலண்டர் தாள் கிழிக்கச் சொன்னார். குஷி என்று சுமித்ரா சொன்ன இடத்துக்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, நான் எழுதிக்கொள்ள இப்படிச் சொன்னார்:

துறையில் பாய்மரம் தெரியுது என்றார்,
தூணைப் பிடித்து நின்றேன் தோழி.
ஓடிப் போகக் கால் வரவில்லை,
உள்ளே திரும்பி உலை வைத்தேன்.

பிறகு, "சரிதானுங்களா?" என்றார். என்னை அவர் ஒருநாளும் மரியாதை போட்டுப் பேசியதில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு ஒடியா தெரியாது. பாடிப் பார்க்கவும் தெரியாது. அம்மா பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆயிது" என்றேன்.