ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டர்

போன வாரம் கரண்ட் ரீடிங் எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கணவரின் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. பார்த்தவர் சேரிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தியா? ஏசி ஓடியும் பில்லு எவ்ளோ கம்மி பாரு! ரெண்டாவது மீட்டர் வாங்கனது எவ்ளோ நல்லதாப் போச்சு!"

நானும் சிரித்தேன். சிரித்த மாதிரி... என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கரண்ட் பில் குறைந்ததற்கு வருத்தப்படுகிற ஜென்மம் உலகத்தில் உண்டா? உண்டு. இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது மாடி வீடு. கீழே நானும் கணவரும். மாடியில் கொழுந்தனார் வேலுவும் அவர் மனைவி கோமதியும். வேலுவுக்குத் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட். விடிய விடிய உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனிதர் பகலில் தூங்கியாக வேண்டும். தலைக்கு மேல் மொட்டை மாடி, வெளியே சித்திரை வெயில். ஏசி இல்லாமல் முடியுமா? பகலில் மேலே ஒரு ஏசி, இரவில் கீழே ஒரு ஏசி. மீட்டருக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

அப்போது இருந்தது ஒரே மீட்டர். ஒரே சமையல்.

கட்டணம் ஏறிய பிறகு வந்த ஒரு கோடைக்கால பில்லைப் பார்த்து வீடே கப்சிப்பென்று ஆகிவிட்டது. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமா ரேட் ஏறுகிறது? முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து ஏறுகிறது. வேலு அன்றைக்கு ஏசியைப் போடாமல், ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கோமதி விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிடலாமே" என்று முதலில் சொன்னது நான்தான்.

மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தோம். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். மாடி ஏறினார். கோமதி எங்கிருந்தோ ஒரு பழைய அடுப்பைத் தேடிப் பிடித்து, ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு குக்கரையும் வைத்திருந்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"அடுப்பு இருக்கு. சிலிண்டர் எங்கம்மா?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தனிக் குடும்பம்னா தனிச் சமையல் இருக்கணும்மா. ஒரே சமையல்னா அது ஒரே வீடுதான். எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சொல்லுங்க, வரேன்."

முடித்தோம். மேடை கட்டி, சிங்க் வைத்து, கேஸ் இணைப்பும் வாங்கினோம். அவர் மறுபடி வந்த அன்று மேலே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மீட்டர் கிடைத்தது.

"அவரு பாத்துக்கினு போனதும் நாம எப்பவும் போல கீழயே ஆக்கிக்கலாம்க்கா" என்று கோமதி என் காதில் சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆக்கவில்லையே!

முதல் கொஞ்ச நாள், திடீரென்று யாராவது பார்க்க வந்துவிட்டால்? என்ற பயத்தில் மேலே அடுப்பு எரிந்தது. அப்புறம் வேலுவுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்து வந்ததும் படியிறங்காமல் நாஷ்டா. பிறகு மேலே தனியாக ஒரு மிக்ஸி, தனியாக அரிசி டிரம். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். இதில் எதைப் போய்ச் சமாதானம் செய்வது?

உங்களுக்கு ஒரு ரகசியம். இந்தப் பத்தியில் நீங்கள் படித்துச் சிரித்த பாதி விஷயங்களுக்கு முதலில் சிரித்தவள் கோமதி. காலையில் காய் நறுக்கும்போது அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தால் எழுதுவேன். "அப்றம் இன்னா ஆச்சு?" என்று கேட்காமல் வெண்டைக்காயிலேயே கண்ணாக இருந்தால் அந்த விஷயத்தை விட்டுவிடுவேன். சமீபத்தில் பத்தி கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். காரணம் புரிகிறதா?

கீழே என் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். மேலே மிக்ஸி ஓடும். என்ன அரைக்கிறாள்? தாளிக்கிற வாசனை படி வழியாக இறங்கி வரும். கருவாட்டுக் குழம்பு போலிருக்கிறதே... ஏறிப் போய்க் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் கால் வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போவது போல ஒரு கூச்சம். எதிர்ப்படும்போது "சாப்டாச்சா?" என்று அவள் கேட்பாள். "ஆச்சு, நீ?" என்பேன். ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்ட இரண்டு பேர், ரயில்வே ஸ்டேஷனில் சந்தித்தவர்கள் மாதிரி விசாரித்துக்கொள்வோம்.

சரி. போன வாரத்துக்கு வருகிறேன். கணவர் மெசேஜைக் காட்டிச் சந்தோஷப்பட்ட அன்று, எனக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதோடேயே மாடி ஏறிவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளறையில் வேலு தூக்கம். சமையலறையில் கோமதி மேடையில் சாய்ந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் பொய். சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "இன்னாக்கா? அண்ணனுக்கு எதுனா..."

"அவருக்கென்ன, நல்லா இருக்கார். நீ ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடறே?"

"மெதுவா பேசுங்கக்கா, இப்பதான் படுத்தாரு." தட்டை வைத்தாள். "ஒண்டியா துன்றதுக்கு ஒக்காந்தா இன்னா, நின்னா இன்னா? தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நீங்க எழுதிக்கினு இருப்பீங்க. தொந்தரவு இல்லாம நிம்மதியா கீறீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"நானா? சரி, நீயாவது கீழே வந்திருக்கலாமே, கோமதி?"

அவள் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"எப்டிக்கா வர்றது? முன்ன அது நம்ம ஊட்டு கிச்சன். இப்ப உங்க ஊட்டு கிச்சன் இல்ல?"

அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கருவாட்டுக் குழம்புதான். முதல் நாள் குழம்பு. கண் கலங்கியதற்குக் காரம் என்று சொன்னேன். நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

தரையில் உட்கார்ந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். ஒரு விஷயத்துக்கு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலு எழுந்துவிடுவாரே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இரண்டு மீட்டரையும் திரும்ப ஒன்றாக்கிவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். முடியாது. அப்படிச் செய்தால் கோடையில் வேலு மறுபடி ஈரத் துண்டோடுதான் படுக்க வேண்டும். கட்டணம் ஏறும்போது ஒவ்வொரு வீடும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையாவது செய்கிறது. ஒருவர் ஏசியை அணைக்கிறார், ஒருவர் ஃபிரிட்ஜை அணைக்கிறார். நாங்கள் வீட்டையே இரண்டாக்கினோம். பில் குறைந்தது. கூடவே வேறு என்ன குறைந்தது என்று எந்த மெசேஜும் வரவில்லை.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். சமையல் தனித்தனி. அதில் மாற்றமில்லை. ஆனால் காய் நறுக்குவது சேர்ந்துதான். கோமதி பாதி இறங்கி வருவாள், நான் பாதி ஏறிப் போவேன். நடுப்படியில் உட்கார்ந்துகொள்வோம். முடிந்ததும் அவள் மேலே, நான் கீழே. எழுந்திருக்கிற அந்த நேரம் இருக்கிறதே... அது மட்டும் இன்னும் பழகவில்லை.

"இன்னா தெனம் வாழப்பூவே வாங்கியாற?" என்று கணவர் அலுத்துக்கொள்கிறார்.

ஆய்ந்து முடிக்க அதற்குத்தானே ரொம்ப நேரம் ஆகும்!