பத்மாதேவி டீச்சரின் வலது கை

கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கை ஒன்று பாதியில் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளையின் கடைசி வீட்டில் பத்மாதேவி டீச்சர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அரிவரி வகுப்புச் சின்னப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாகத் திசை காட்டிய அம்மையார்.

‘மேலே’ என்றால் கதிரையில் ஏறி நிற்பார். ‘கீழே’ என்றால் சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவார். அதிலெல்லாம் குறையே கிடையாது. சிக்கல் ‘வலது’ பாடத்தில்தான். பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று வலது கையை உயர்த்துவார். பிள்ளைகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடது கையை உயர்த்தி, “வலது!” என்று ஓலமிடுவார்கள். டீச்சர் பூரித்துப்போவார்.

வட்டாரக் கல்வி அதிகாரி இராமநாதன் ஒருநாள் வந்து, முன்வரிசைப் பிள்ளையிடம், “சோத்துக் கை எது?” என்று கேட்டார்.

“இடது, சேர்!”

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்கள் இடது கையைத் தூக்கி வலது எண்டு சொல்லவேணும். அப்பதான் பிள்ளையளுக்குச் சரியா வரும்.”

“பிள்ளையளுக்குப் பொய் காட்டச் சொல்லுறியளோ?”

“அப்ப முதுகைக் காட்டி நில்லுங்கோவன்.”

“மரியாதை இல்லாத வேலை!”

கல்வி உலகில் நேர்மை வென்றது. ஆண்டுதோறும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் திசைமாறி வெளியேறினார்கள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கண்டித் தமிழர் கடைகள் எரிந்தன. ஒரு பின்னேரம், ஒழுங்கை அடியில் வெளியூர் லொறி ஒன்று வந்து நின்றது. இரும்புக் கம்பிகளுடன் இறங்கியவர்கள், தலையில் பாண் கூடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு மேலே ஏறிய தாஸிமைப் பின்னாலிருந்து மறித்தார்கள். டீச்சரின் பழைய மாணவர். இப்போது பேக்கரி முதலாளி. கழுத்தில் கத்தியை வைத்து, “தமிழ் டீச்சர் வீடு எது?” என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

தாஸிம் படித்த பாடத்தைச் சிங்களத்தில் ஒப்புவித்தார்: “இடது பக்கம், கடைசி வீடு.”

அவர்கள் இடது பக்கம் ஓடினார்கள். கண்ணாடிகளை நொறுக்கி, வாசலில் நின்ற காரைக் கொளுத்திய பிறகுதான் வீட்டுக்காரர் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார். அவர்களுக்கு லொறி பிடித்துக் கொடுத்த பிரமுகரே அவர்தான். அந்த நேரத்தில் டீச்சர் தம் வீட்டுக் கட்டிலுக்குக் ‘கீழே’ இருந்தார்.

மறுநாள் தாஸிம் அழுதுகொண்டு வந்தார்.

“டீச்சர், உங்க வீட்டக் காட்டிக் குடுத்துட்டேன். கத்திய வெச்சா எனக்கு என்ன செய்ய ஏலும்?”

“எந்தப் பக்கம் எண்டு சொன்னனீ?”

“இடது பக்கம் எண்டுதான். அவனுகளுக்கு இடது வலது தெரியாது போல!”

டீச்சர் தம் கைகளை மாறி மாறிப் பார்த்தார். திருத்துவதா, விடுவதா? இருபது வருடத்தில் முதன்முறையாக ஒரு மாணவனின் பிழையைத் திருத்தாமல், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் இராமநாதன் மறுபடி வந்தார். டீச்சர் வலது கையை உயர்த்தினார். வகுப்பு இடது கையை உயர்த்திக் கூவியது. அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, மெல்லக் குனிந்து சொன்னார்:

“டீச்சர், என்ர வீடு எந்தப் பக்கம் எண்டும் ஒருக்கால் படிப்பிச்சு விடுங்கோ.”