கடிகாரம்மாவின் முக்காலி

இறையியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்துவிட்டு, கிரேக்கத்துக்கு ஒன்றும் எபிரேயத்துக்கு ஒன்றுமாக இரண்டு தடித்த அகராதிகளோடு நான் உதவிப் போதகராக வந்து இறங்கினேன். என்னைப் பழக்கி எடுக்க வேண்டியவர் பெரிய போதகர் என்று உத்தரவில் இருந்தது. அவரோ ஒழுகும் கோயில் கூரையைப் பார்க்க ஏணியில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாகூட வீடு சந்திக்கப் போங்க. அவங்க சொல்றபடி கேளுங்க," என்றார். ஏணியிலிருந்து இறங்கவில்லை. என் ஊழியப் பயிற்சி அத்தோடு தொடங்கியது.

அம்மா என்றது, வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து ஜெபித்து வருவதற்கென்றே சபையில் இருந்த ஊழியக்காரியை. வயது அறுபத்தொன்று. இரண்டு முழங்காலிலும் வலி. மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். பஸ் கண்டக்டராக இருந்து காலமான கணவருடையது. கடிகாரம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. அவருக்குத் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"எட்டு ஐயாமாரைப் பழக்கிட்டேன். நீங்க ஒம்பதாவது," என்றார் முதல் நாளே. அதில் பெருமை இருந்ததா அலுப்பு இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எந்த வீட்டிலும் பத்து நிமிடம்தான். "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போகலாமேன்னு அவங்க நினைக்கும்போதே எந்திரிச்சிடணும். எப்படா போவாங்கன்னு நினைக்க விடக் கூடாது," என்பார். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்கவே கூடாது. "அது அவங்களுக்கே தெரியும். நீங்க போய்ப் புதுசா கண்டுபிடிக்க வேணாம்." நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருப்தியாக இருந்தால், போதகர்களை எல்லாரும் அழைப்பதுபோல என்னை 'ஐயா' என்பார். தப்புச் செய்தால் 'தம்பி' ஆகிவிடுவேன். முதல் மாதத்தில் நான் பெரும்பாலும் தம்பிதான்.

வியாழக்கிழமைதோறும் கடைசியாகப் போகிற வீடு தையல் மிஷின் மெக்கானிக்குடையது. முன்னறைதான் பட்டறை. தரையில் செய்தித்தாள் விரித்து, திருகுகளையும் ஊசிகளையும் நூல் சுற்றும் பாபின்களையும் வரிசையாக வைத்திருப்பார். மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து நான்கு வருடமாக அவர் கோயில் பக்கம் வரவில்லை. கடிகாரம்மா மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தார். முதல் இரண்டு வருடம் வாசற்படியில் நின்றே பேசினாராம். அப்புறம் ஒருநாள் மெக்கானிக் ஒரு மர முக்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு உள்ளே போட்டார். அதில் உட்கார்ந்து அம்மா மிஷின்களைப் பற்றி விசாரிப்பார், மனதுக்குள் ஜெபித்துக்கொள்வார், பத்தாவது நிமிடம் எழுந்துவிடுவார். இவ்வளவுதான் ஊழியம்.

இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு வருடம் படித்தது முக்காலி பார்க்கவா? ஒரு வியாழக்கிழமை அம்மா எழுந்ததும், "ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போகலாமே," என்றேன். அவர் என் முழங்கையைத் தொட்டார். அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றால் போதாது, தலைகீழாகக் குதித்தேன். "ஆண்டவரே, காணாமற்போன இந்த ஆட்டைக் கண்ணோக்கும். நாலு வருஷமாக உம்முடைய சமுகத்தை விட்டு விலகியிருக்கிற இந்தக் கல்லான இருதயத்தை உடைத்தருளும். துக்கத்தைச் சாக்காக வைத்து உம்மைவிட்டு ஓடுகிற இந்தச் சகோதரனை..." என்று போய்க்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே பிடித்துப்போயிருந்தது. இடையில் ஏதோ இரைச்சல் கேட்டது. சாத்தான் இடைஞ்சல் செய்கிறான் என்று இன்னும் சத்தமாக ஜெபித்தேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரே ஆள் இல்லை. உள்ளறையில் ஒரு மோட்டார் மிஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மிஷினில் துணியும் இல்லை, நூலும் இல்லை.

தெருமுனை வரை கடிகாரம்மா முன்னால் நடந்தார். பிறகு நின்றார்.

"தம்பி, நீங்க ஆண்டவர்கிட்ட பேசுனீங்களா, அவர்கிட்ட பேசுனீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும்.

"அவர் ஏன் வரலைன்னு தெரியுமா? அடக்க ஆராதனை நடத்துன ஐயா, அவரோட வீட்டம்மா பேரைச் சொல்ல வேண்டிய இடத்துல, மூணு தடவையும் வேற ஒரு அம்மா பேரைச் சொல்லிட்டாங்க. சபையோட அடக்கப் பதிவேட்டுல மேல்வரியைப் பார்த்து எழுதிட்டு வந்திருக்காங்க. திருத்தவும் இல்ல, வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. மாற்றலாகிப் போயிட்டாங்க."

"யாரு அந்த ஐயா?"

"நான் பழக்குன ஏழாவது ஆளு," என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை போனபோது வாசலில் முக்காலி இல்லை. மெக்கானிக் தலையை நிமிர்த்தவில்லை. கடிகாரம்மா ஒன்றும் நடக்காததுபோல வாசற்படியில் நின்று, நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலின் பாரத்தை இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் பேசினார். இரண்டு வருடம் நின்று சம்பாதித்த இடத்தை நான் ஒரே ஜெபத்தில் பிடுங்கிப்போட்டிருந்தேன். அந்தக் கால்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. முக்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால் நான் எந்தப் பிரசங்க மேடையில் ஏறினாலும் அது வேஷம்தான் என்று தோன்றியது.

ஐந்து வியாழக்கிழமைகள் அவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது நாற்பது நாள் உபவாசத்தைவிடக் கஷ்டம். ஆறாவது வாரம் மெக்கானிக் ஒரு பழைய மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இறுகிப்போன திருகு அசையவில்லை.

"சும்மாதானே நிக்கிறீங்க? இந்தச் சக்கரத்தைப் பிடிங்க," என்றார்.

உள்ளே போய்ப் பிடித்தேன். வெள்ளைச் சட்டையின் கைமுழுக்கக் கறுப்பு எண்ணெய். திருகு கழன்று வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு ஜெபம் கிடையாதா?"

குத்தலாகத்தான் கேட்டார். அம்மாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த முறை கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, உம்மகிட்ட பேசுற மாதிரி இவரைத் திட்டினேன். மன்னிச்சிரும்," என்றேன். பிறகு, பதிவேட்டில் நானே போய்ப் பார்த்து, ஆறு வாரமாக மனதில் வைத்திருந்த அவர் மனைவியின் பெயரைச் சொன்னேன். "இவங்களைத் தந்ததுக்கு நன்றி. எங்க சபை அவங்க பேரைத் தப்பாச் சொன்னதுக்கும் மன்னிச்சிரும். ஆமென்."

மெக்கானிக் ஒரு பாபினை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். கண் ஓரத்தை முழங்கையால் துடைத்தார்; அங்கே எண்ணெய்க் கறை விழுந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"இப்ப நான் ஜெபிக்கிறேன். கண்ணை மூடுங்க," என்றார்.

மூடினேன்.

"ஆண்டவரே, இந்த ஐயாவோட பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறையறதே இல்லைன்னு தெருவே பேசிக்குது. ஞாயித்துக்கிழமை நான் வந்தா, அரைமணி நேரத்துல முடிக்கிறதுக்கு அவருக்குப் பெலன் தாரும். இவருடைய கல்லான இருதயத்தை உடைச்சருளும். ஆமென்."

கடிகாரம்மா சொன்ன ஆமென் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிறன்று மெக்கானிக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் பிரசங்கத்துக்கு மூன்று குறிப்புகள் வைத்திருந்தேன். இரண்டாவது முடியும்போது முன்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்து, கடிகாரத்தைக் காது பக்கம் கொண்டுபோய் ஓடுகிறதா என்று பார்த்தது. "மூன்றாவதாக," என்று ஆரம்பித்த நான், "ஜெபிப்போம்," என்று முடித்தேன். அந்த மூன்றாவது குறிப்பை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போனோம். வாசலுக்கு உள்ளே முக்காலி இருந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு காலுக்குப் புது ஆணி அடித்திருந்தார். கடிகாரம்மா அதைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் மனைவியைப் பற்றி முதன்முதலாகப் பேச ஆரம்பித்தார். வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தால் பாபின்களையெல்லாம் ஒளித்துவைத்துவிடுவாராம். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. கற்ற பாடத்தை மறக்காத மாணவனாக நான் குனிந்து கிசுகிசுத்தேன்.

"அம்மா, நேரமாச்சு."

கடிகாரம்மா புடவைத் தலைப்பை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

"சும்மா இருங்க, ஐயா," என்றார்.