பீங்கான் மாதாவுக்குப் பாலாபிஷேகம்

புளித்த பால், பழைய நெய், அவற்றின் மேல் கற்பூரப் புகை, இந்த மூன்றும் கலந்து காற்றுப் புகாத அறைக்குள் அடிக்கும் நாற்றத்தை நீங்கள் மோந்திருக்க மாட்டீர்கள். மோந்திருந்தால், என்னைப்போல் நீங்களும் பாயசத்தைக் கண்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வீர்கள். அறுபதுகளின் கடைசியில், நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில், திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் வீட்டுச் சாமி அறையில் அந்த நாற்றம் அடித்தது. வீட்டை ஆண்டுகொண்டிருந்த நைனாவின் அக்கா, என் அத்தை, அதைச் 'சாமி வாசனை' என்றாள். எலி செத்த நாற்றம் என்று சொன்ன என் வாயில் ஓர் அடியும் போட்டாள்.

அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சட்டக்காரங்க', ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய காலம் அது. அப்படி விற்றுவிட்டுப் போன ஒரு வீட்டுச் சாமான்களோடு என் சித்தப்பா ஒரு மாதா சிலையையும் வாங்கிவந்தார். முழங்கை உயரம், ஜெர்மனிப் பீங்கான், நீல முக்காடு, கையில் குழந்தை. படுக்கையறை மூலையில் வைத்து, முன்னால் மண்டியிட்டு, மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொள்வதற்காகச் செய்த சாமி. மிஞ்சிப்போனால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். தலைக்குப் பின்னால் செருகியிருந்த பித்தளை ஒளிவட்டம் எங்கோ தொலைந்துபோய், சுண்டுவிரல் நுழையும் ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது. அடியில் இன்னொரு சின்ன ஓட்டை. உள்ளே வெறும் கூடு.

நெற்றியில் நாமம் போடும் குடும்பம்தான் எங்களுடையது. ஆனால் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் சரோஜா சித்திக்குக் குழந்தை இல்லை. வரும் தைக்குள் வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்துவிடுவது என்று அத்தை முடிவு கட்டியிருந்தாள்.

"எந்த சாமியா இருந்தா இன்னாடி? கையில புள்ளய வச்சிக்கினு கீது பாரு" என்று சொல்லி, மாதாவின் நெற்றியில் குங்குமம் இட்டு, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் பித்தளைத் தட்டில் நிறுத்தினாள்.

எங்களுக்குத் தெரிந்த பக்தி ஒன்றே ஒன்று. சாமி என்று வந்துவிட்டால் தலையில் பாலை ஊற்ற வேண்டும். ஒரு மண்டலம் தினமும் பாலாபிஷேகம், தட்டில் வடியும் பாலை வெறும் வயிற்றில் சித்தி குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கல் விக்கிரகத்துக்கும் செம்பு விக்கிரகத்துக்கும் ஊற்றியது வெளியே வழிந்து போய்விடும். இந்தக் கூட்டுக்குள்ளோ, தலை ஓட்டை வழியே இறங்கிய பால் தங்கித் திரிந்து புளித்து, மறுநாள் ஊற்றிய புதுப் பாலையும் சேர்த்துக்கொண்டு, அடி ஓட்டை வழியாக மஞ்சளாக நூல் விட்டுக்கொண்டு தட்டில் கசிந்தது.

"நாத்தம் குடலப் புடுங்குதுக்கா" என்றாள் சித்தி.

"சாமி பால்ல நாத்தம் கண்டுபுடிக்கிறவளுக்கு எங்கருந்துடி புள்ள பொறக்கும்?" என்றாள் அத்தை.

சித்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மண்டலம் முடிவதற்குள் அவள் கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். சோறு தங்காமல் இளைத்துப்போன உடம்பில் நாளும் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். 'மசக்கை' என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து, அண்டா நிறையப் பாயசம் காய்ச்சினாள். சித்தப்பா கண்ணாடி வளையல் வாங்கிவந்தார். உனக்கு உடம்பு என்ன செய்கிறது என்று ஒரு ஜென்மமும் அவளைக் கேட்கவில்லை. ஊரே சொன்னதும் கடைசியில் அவளும் நம்பினாள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு காலையில் சித்தி மாட்டுக் கொட்டகை ஓரம் போய்த் தனியாக உட்கார்ந்தாள். வீட்டுக்கு விலக்கு.

"வவுத்துல புள்ளன்னு ஊரயே ஏமாத்திட்டாளே!" என்று அத்தை கூச்சல் போட்டாள். சித்தி எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள்? தலைக்குக் குளித்து வந்த அன்று அவள் நேராகச் சாமி அறைக்குள் போய், மாதாவைத் தூக்கி வந்து, எல்லார் கண் முன்னாலும் வாசலில் தலைகீழாகப் பிடித்து, அடி ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டுக் குத்திக் குலுக்கினாள். தலை ஓட்டை வழியே மஞ்சள் கட்டிகளாகக் கொட்டின. கட்டிகளில் புழு நெளிந்தது.

"இத்தத்தான தெனம் எனக்கு ஊத்திக் குடுத்தீங்க?"

அத்தை கீழே பார்க்கவே இல்லை. "சாமியப் போயி தலகீழாப் புட்ச்சிட்டியேடி, பாவி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா ஓடிவந்து பொம்மையைப் பிடுங்கினார், உடைந்துவிடுமே என்று.

அந்த வாரமே சித்தியை ஆர்.கே.பேட்டையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாதாவை வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவி, தலை ஓட்டையை மெழுகால் அடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார்கள். தை பிறந்தது, புதுச் சித்தி வந்தாள், அடுத்த வருஷம் பையன் பிறந்தான். அதுவும் மாதா கொடுத்த பிள்ளையாம். த்தூ!

அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டியிருக்கிறான். அத்தையும் சித்தப்பாவும் இல்லை, சாமி அறையை இடித்தாயிற்று, எங்கள் நெல் வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள், மினுக்கும் சீரியல் விளக்குக்கு நடுவில், பிளாஸ்டிக் ஒளிவட்டத்தோடு அதே மாதா. எடுத்துக் கவிழ்த்து அடி ஓட்டையில் மூக்கை வைத்தேன். ஒரு நாற்றமும் இல்லை. அதுவும் போய்விட்டது.

"இன்னாக்கா, மோந்து பாத்துக்கினு கீற?" என்றான்.

"உங்க பெரிம்மா குடிச்ச பாலு இன்னும் நாறுதான்னு பாத்தேன்."

"பெரிம்மாவா? யாரு, உங்கம்மாவா?"

அவன் நடிக்கவில்லை. அவன் அப்பாவுக்கு முதலில் ஒரு பெண்டாட்டி இருந்தாள் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவே இல்லை.