என் பெயரில் உழைத்தவன்

ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த உண்மையை நான் பொய்யாக்கினேன். தவறுதலாக அல்ல... தெரிந்தே!

முகம் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பிரெஞ்சுத் தலைநகரில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறேன். கடிதங்களோடு வரும் நம்மவர்களுக்காகப் பிரெஞ்சில் பேசுவதும் எழுதுவதும் என் பணி. அதற்கு முன் ஓர் உணவகத்தில் சட்டி கழுவினேன். நான் விலகிய இடத்துக்கு யோகன் வந்தான். அவனிடம் வதிவிட அட்டை இல்லை, என்னுடையதைக் கொடுத்தேன். நம்மவர்களுக்குள் இது புதிதா என்ன? சட்டி கழுவியது அவன். சம்பளத் துண்டில் இருந்தது என் பெயர். உதவி என்றுதான் அன்று நினைத்தேன்... சத்தியமாக!

பின்பு பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அவன் உழைத்த வருடங்களின் சம்பளத் துண்டுகளையும் என் கோப்பில் செருகினேன். அதை எந்த உதவியில் சேர்ப்பது? நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில்தான் பிரசெல்சிலிருந்து சிலர் வந்தார்கள். ஐரோப்பிய ஆட்சியாளர் சட்டம் எழுதுமுன் முதலாளிகள், தொழிற்சங்கத்தினர், எங்களைப் போன்ற சங்கத்தினர் கூடி ஆலோசனை சொல்லும் அவை ஒன்று அங்கே உண்டு. பதிவில் வராத உழைப்பைப் பற்றி எழுதுகிறார்களாம். உழைப்பவரின் வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

யோகன் தானாகவே முன்வந்தான். வேலை செய்ததை நிரூபித்தால் இங்கே வதிவிட அனுமதி கேட்கலாம். பிறர் பெயரில் உழைத்தவனோ எதைக் காட்டுவான்? அதைச் சொல்லத் துடித்தான்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராதுதானே?"

பக்கத்தில் சங்கத் தலைவர் நின்றார். "வராது, நீ வா" என்றேன் பெரிய மனிதனாக.

அன்று புறநகரான சார்செலிலிருந்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தான். பிரசெல்சிலிருந்து வந்தவர்களில் நரைத்த தலையுடன் இருந்த ஓர் அம்மையார் கேட்டார், எந்தப் பெயரில் வேலை செய்கிறீர்கள் என்று. நான் தமிழில் சொன்னேன். அவன் என் பக்கம் கையைக் காட்டினான்.

"இந்த அண்ணையின்ரை பேரிலைதான். ஏழு வருசம். என்ரை பேர் ஒரு கடதாசியிலையும் இல்லை. அதைத்தான் இவை எழுதவேணும்."

அட்டையை இரவல் கொடுத்தது குற்றம். என் குடியுரிமைக் கோப்போ இன்னும் அதிகாரிகளின் மேசையில் கிடந்தது. பிரெஞ்சில் சொன்னேன்: தன் சொந்தப் பெயரில்தான் வேலை செய்கிறாராம், கடதாசி வேலைக்கெல்லாம் இந்த அண்ணன்தான் துணையாம்!

அம்மையார் என்னைப் பார்த்துப் புன்னகைத்து நன்றி சொன்னார். எழுதிக்கொண்டார்.

சமையலறையிலும் தமிழே பேசி வேறு மொழி அறியாத யோகன் கேட்டான்: "சொல்லிப்போட்டியளே அண்ணை?"

"ஓம்" என்றேன்.

மாதங்கள் கழித்து ஆலோசனை வெளியானது. ஒவ்வொரு பந்தியாகத் தேடினேன். பிறர் பெயரில் உழைப்பவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குடியேறிய சமூகங்கள் தமக்குள் உதவிக்கொள்வதைப் பாராட்டி ஒரு வரி மட்டும் இருந்தது. அது நான் கொடுத்த வரி!

என் ஒரு வாக்கியத்தால் ஐரோப்பா மாறியிருக்குமா? மாறியிராது என்று என்னையே தேற்றிப் பார்க்கிறேன்... ஆனால் அவனிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தானே? அதையும் நான்தானே பறித்தேன்?

எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவன் இன்னும் அதே சட்டிகளோடுதான். மெட்ரோ வாசலில் கண்டால் ஓடி வருவான். "பிரசெல்சாலை ஏதும் பதில் வந்ததே அண்ணை?" அந்தக் குரலுக்குப் பயந்து ஒரு நிலையம் முன்பே இறங்கி நடக்கிறேன். வீட்டுக் கதவைச் சாத்தினாலும் அது கேட்கிறது!

சென்ற தேர்த் திருவிழாவில் தப்ப முடியவில்லை. ரூ பஜோல் தெருவில், சனத்துக்குள்ளால் இடித்துக்கொண்டு வந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தான்.

"உங்கடை பேருக்குத்தான் அருச்சனை செய்தனான் அண்ணை. நட்சத்திரம் தெரியேல்லை. பேரை மட்டும் ஐயரிட்டைச் சொன்னனான்."

உன் பெயருக்கு? என்று கேட்க வாய் எழவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். பூசிக்கொண்டேன்.

பதில் வந்ததா என்று அன்றும் கேட்டான்.

இன்னும் இல்லை என்றேன்.