லலிதா பார்க்காத வரையாடு

லலிதா பொய் சொல்கிறாள். வரையாட்டைப் பார்த்துவிட்டேன் என்று வலியசாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது பச்சைப் பொய். அவள் ஒரு ஆட்டையும் பார்க்கவில்லை. அதை எல்லோருக்கும் தெரியப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நமது தெரு மலருக்காக என்னிடம் கேட்டது காசிப் பயணக் கட்டுரை. அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரையாடு என்பது செங்குத்துப் பாறைகளில் வாழும் காட்டு ஆடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நம்மைப் போலவே அதிலும் கொஞ்சம் எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாள மண்ணில் குடியிருக்கிறது. பொன்முடிக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கு வரையாட்டுமொட்டை என்றே பெயர்.

நானும் லலிதாவும் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் பொன்முடிக்கு அழைத்துப் போனார்கள். கல்லாறு தாண்டினால் மேலே போய்ச் சேரும்வரை இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பதினெட்டாவதில் லலிதாவுக்குக் குமட்டியது. பஸ்ஸை நிறுத்தினார்கள். இடப்பக்கம் இறங்கி அவள் வாந்தியெடுத்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் வலப்பக்கம், பாறைமேல், வரையாடுகள் வந்து நின்றன. டீச்சர் பார்த்தார். டிரைவர் பார்த்தார். வகுப்பே பார்த்தது. நாங்கள் இருவரும் சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் அவை போய்விட்டன.

"உன்னாலதான்டீ நான் வரையாடு பாக்கலை" என்று அன்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கல்யாணத்தில் சொன்னேன். அவள் பெண்ணின் கல்யாணத்திலும் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும், "ஒரு நாள் உன்னைக் கூட்டிண்டு போய்க் காட்டறேன், போருமா?" என்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிளம்பப் பார்த்தோம். முதல் வருஷம் காட்டுத்தீ பயத்தால் யாரையும் மேலே விடவில்லை. அடுத்த வருஷம் வழியில் யானைக்கூட்டம். அதற்கடுத்த வருஷம் அவள் பெண்ணுக்குப் பிரசவம். இந்தத் தை மாதம்தான் வாய்த்தது. மூன்றாவது ஆளாக ஸ்டெல்லா சேர்ந்துகொண்டாள். பாறசாலைக்காரி. மின்கட்டணக் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் போலவே ஊரோடு சண்டை போட்டவள்.

காலை ஐந்து மணிக்கு வலியசாலையில் ஆட்டோ பிடித்தோம். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நாற்பது ரூபாய். இத்தனை காலையில் மூன்று பெண்கள் ஷூவும் தொப்பியுமாக எங்கே போகிறார்கள் என்று டிரைவருக்குத் தாங்கவில்லை.

"பொன்முடிக்கு. ஆடு பாக்க" என்றாள் லலிதா.

"ஆட்டைப் பாக்க அம்பது அறுபது கிலோமீட்டரா? இங்ஙன சாலைக் கடையில கிட்டுமே, சேச்சி."

"அங்க கிட்டுறது உரிச்ச ஆடாக்கும்" என்றாள் ஸ்டெல்லா. "இவளுவளுக்குத் தோலோட வேணும்."

நெடுமங்காடு வழியாக விதுரா போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பஸ் பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள். கட்டன் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம். லலிதா மட்டும் வெறும் தண்ணீர் குடித்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். கல்லாற்றில் ஆற்றோரக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பஸ் மலை ஏறத் தொடங்கியது. லலிதா எலுமிச்சம்பழத்தை மோந்தபடி ஒவ்வொரு வளைவாக எண்ணினாள். பதினெட்டு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலை."

அவளுக்கு ஆகவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஆகிவிட்டது. விதுராவில் தின்ற மூன்று பழம்பொரியும் பிளாஸ்டிக் உறைக்குள் போயின. லலிதாதான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தத் தடவை வலப்பக்க ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெறும் பாறைதான் இருந்தது.

மேலே சோதனைச் சாவடி அருகே வழிகாட்டி ராஜன் காத்திருந்தார். கூட ஒரு வனக் காவலர். ராஜனுக்கு நாற்பது வயதிருக்கும். எங்கள் மூவரையும் பார்த்து, பிறகு மலையைப் பார்த்தார். அட்டை ஏறாமலிருக்க உப்புத்தூள் கொடுத்தார்.

எட்டு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தோம். முதலில் அடர்ந்த சோலை. வெயில் கீழே விழாது. இலை மட்கிய ஈரத்தில் கால் புதைகிறது. காற்று அசையவில்லை, உடம்பெல்லாம் வியர்வை. லலிதாவின் மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துப் பிடித்து வெளுத்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று துடைத்தாள்.

"இதை வெச்சுக்கோடீ, எங்கயாவது போட்டு உடைச்சுடுவேன்" என்று கழற்றி என்னிடம் கொடுத்தாள். என் பையின் முன்ஜேபில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அவள் மருமகனிடம் கேட்டு வாங்கிய பைனாகுலர் ஏற்கனவே என் கழுத்தில்தான் தொங்கியது. வாசகர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

சோலை முடிந்து புல்வெளி வந்தது. ஆளுயரத்தில் காய்ந்த புல், அதற்கு மேலே வானம் வரைக்கும் கரும்பாறை. அந்தக் காற்றை என்னால் வர்ணிக்க முடியாது. எங்கள் தெருவில் அப்படி ஒரு காற்று அடித்தால் வடாம் காயப்போட்ட துணி பத்மநாபசுவாமி கோவில் கோபுரத்தில் போய் மாட்டும். லலிதா கையை விரித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் அவளுக்கு முகத்தில் நிற்காது, வாய் கோணிவிடும். அன்றைக்கும் கோணியது.

பாதி மலையில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அங்கே அவள் வலது முழங்கால் நின்றுவிட்டது. மடக்க முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். சோலையிலேயே என்றாள். மூடிவைத்துக்கொண்டு இத்தனை தூரம் ஏறியிருக்கிறாள், முட்டாள்.

"இனி ஒரு மணிக்கூர் ஏற்றம்" என்றார் ராஜன். "கையும் ஊன்றணும். இந்தக் கால் வச்சு ஏறப் பற்றில்ல, சேச்சி. இங்ஙன இருங்க, துணைக்கு ஆளுண்டு." கூட வந்த காவலரைக் காட்டினார்.

ஸ்டெல்லா பாறையில் காலை நீட்டி உட்கார்ந்தே விட்டாள். "எனக்கு ஆடும் வேண்டாம் மாடும் வேண்டாம். நானும் இவகூட இருக்கேன். நீ போயிட்டு வா, மக்கா." பையிலிருந்து அவித்த மரச்சீனிக்கிழங்கையும் காந்தாரிமிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் வெளியே எடுத்தாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"என்னடீ?" என்றாள் லலிதா.

"நானும் போகலை."

"வெறுதே பிடிவாதம் பண்ணாதே, கிரிஜா. நீ போ."

"நீ இல்லாம எனக்கு என்னடீ ஆடு? உக்காரு, கிழங்கு தின்னுட்டு எறங்கலாம்."

அவள் கீழே கிடந்த என் பையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று கையை நீட்டி எதிர்மலையைக் காட்டினாள்.

"நேக்கு என்னத்துக்குடீ மேல போகணும்? நான் பாத்தாச்சு. இப்போ, நீ பையை வெச்சிண்டிருக்கறச்சே. அதோ அந்தப் பாறைமேல ரெண்டு. ஒண்ணுக்கு முதுகுல சேணம் போட்டாப்போல வெளுப்பு. அந்தண்டை எறங்கிடுத்து."

நான் திரும்பினேன். பாறைதான் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தேன். பாறை பெரிதாகத் தெரிந்தது.

"ஏன்டீ கூப்பிடலை என்னை?"

"வாய் வரலை."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் கழித்து, பக்கத்தில் நிற்கும் என்னைக் கூப்பிடாமல் தான் மட்டும் பார்த்துக்கொண்டாள் என்றால்? பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், ராஜனுக்கு முன்னாலேயே ஏறினேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த ஏற்றத்தை என் உடம்பு ஏறியிருக்காது. சில இடங்களில் நாலு காலில்தான் போனேன்.

உச்சியில் ஒரே மூடுபனி. ராஜன் கையைக் காட்டி என்னை உட்காரவைத்தார். உட்கார்ந்தோம். குளிரில் பல் தந்தியடித்தது. பிறகு பனி ஒரு பக்கமாக விலகியது. கீழே, நம் வீட்டு மாடியிலிருந்து தெருவைப் பார்க்கிற தூரத்தில், பாறை விளிம்பில் மூன்று பெட்டைகளும் ஒரு குட்டியும் நின்றன.

நான் நினைத்ததைவிடக் குட்டையாக, கட்டையாக, உருண்டு திரண்டு இருந்தன. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். கொம்பு பின்னால் வளைந்திருந்தது. ஒரு பெட்டை அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. சாப்பாட்டு நேரத்தில் பில் கட்ட வந்தவனை நான் கவுண்டருக்குள்ளிருந்து பார்க்கும் அதே பார்வை. குட்டி, கால் வைக்க இடமே இல்லாத ஒரு சரிவில் குதித்தது, திரும்ப ஏறியது, மறுபடி குதித்தது. விளையாட்டு!

"லலிதா! அங்க பாருடீ!" என்று கத்திவிட்டேன்.

நாலும் பாறைக்குக் கீழே மறைந்தன.

ராஜன் தலையில் கை வைத்தார். "இவிடெ ஏது லலிதா, சேச்சி?"

இறங்கி வரும்போது அவரிடம் கேட்டேன், கால் முடியாதவர்களுக்கு வேறு வழியே இல்லையா என்று. மழைக்காலம் கழிந்து புல் பச்சையாகும்போது ஆடுகள் சிலநாள் தட்டைப் பாறைவரைக்கும் இறங்கி மேயும் என்றார். அதற்கு உத்தரவாதம் தரமாட்டாராம்.

தட்டைப் பாறைக்கு வந்ததும் லலிதா என்னை விடவில்லை. கொம்பு எப்படி இருந்தது, குட்டி இருந்ததா, தாடி உண்டா, சத்தம் போட்டதா, எவ்வளவு கிட்டத்தில். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் சொல்லச்சொல்லப் போய்விட்டது. மலை இறங்கும்வரை, என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் குட்டி குதித்ததையே சொல்லச் சொன்னாள். ஆட்டைப் பார்த்தவள் இப்படியா கேட்பாள்? எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

சாயங்காலம் விதுராவில் பஸ் மாறவேண்டியிருந்தது. எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது.

"இது நெடுமங்காடு போறதாடீ?" என்றாள் லலிதா. முகப்பில் ஒவ்வொரு எழுத்தும் கையகலத்துக்கு இருந்தது.

பையின் ஜிப்பைத் திறந்தேன். கண்ணாடி இருந்தது. காலையில் வைத்த இடத்தில், வைத்தபடியே. உச்சிக்கும் என்னோடுதான் வந்திருக்கிறது.

"பஸ் போர்டு தெரியலை. எதிர்மலையில ஆட்டோட முதுகுல வெளுப்பு தெரிஞ்சுதோ?"

"தூரத்துல இருக்கறது நேக்கு நன்னாத் தெரியும்" என்று சொல்லிக் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். கிட்டத்தில் வைத்துப் படிக்கிற கண்ணாடி இல்லை அது. தெரு முனையில் வருவது பால்காரரா, மாப்பிள்ளையா என்று பிரித்துச் சொல்வதற்கான கண்ணாடி. இது வலியசாலையில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டெல்லாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நான் கிழங்கைப் பாத்துட்டிருந்தேன், எங்கிட்ட கேக்காத" என்றாள். ஆனால் தம்பானூர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இதோடு விட்டிருப்பேன். விடமுடியாதபடி செய்தது லலிதாதான். கோவில் வாசலில் இரண்டு ஆடு என்றாள். கறிகாய்க்கடையில் மூன்று. போன வாரம் அவள் சம்பந்தியிடம் ஐந்து, அதில் ஒன்று குட்டி, அது குதித்ததாம். என் குட்டி அது!

அதுவும் போகட்டும். மழை கழிந்தால் தட்டைப் பாறைவரை போகலாம், அதுவரை முழங்காலுக்கு வைத்தியம் பண்ணிக்கொள் என்று கூப்பிட்டால் என்ன சொல்கிறாள் தெரியுமா? "நேக்கு என்னத்துக்கு? நான்தான் பாத்தாச்சே." என்னை மலையேற்றுவதற்காக ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தன் ஆட்டைப் பார்க்காமலே இருந்துவிடப் பார்க்கிறாள். ஊரெல்லாம் அதை நம்பிவிட்டால் அவளுக்கு மறுபடி கிளம்ப வழியே இல்லாமல் போகும். அதனால்தான் ஊரறியப் போட்டு உடைக்கிறேன்.

லலிதா, உன்னிடம் வீட்டில் கேட்டால் காபி கொடுத்துப் பேச்சை மாற்றுகிறாய். ஆகவே இங்கே கேட்கிறேன். நீ வரையாடு பார்த்தாயா, இல்லையா? இதே மலரில், தெரு முழுக்கப் படிக்கும்படி, உன் பெயர் போட்டுப் பதில் எழுது. பார்த்தேன் என்றால், கண்ணாடி என் பையிலும் பைனாகுலர் என் கழுத்திலும் இருக்க எப்படிப் பார்த்தாய் என்று விளக்கு. இல்லை என்றால் நீட்டி எழுதவேண்டாம். "இல்லை, எப்போ போகலாம்?" என்று மட்டும் எழுது. எலுமிச்சம்பழம் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.